உறுமல் போனதும் வந்ததும்: ஓபெத் மாறிய கதை

 இன்னைக்கு நாம பேசப்போறது ஓபெத் என்கிற ஸ்வீடன் மெட்டல் பேண்டைப் பத்தி. குறிப்பா, 2011-ல் வந்த 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் அவங்க தங்களோட ஒலியையே மாத்திக்கிட்டதைப் பத்தி. ஒரு பேண்ட் மாறினா ரசிகர்கள் கோபப்படுவது புதுசு இல்லை. ஆனா இந்தக் கதைக்கு 13 வருஷம் கழிச்சு ஒரு இரண்டாம் பாகம் வந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதல் பாகம் சரியாப் புரியும்னு நினைக்கிறேன்.

மெட்டல் கேட்டுப் பழக்கம் இல்லாதவங்களுக்காக முதலில் ஒரு விஷயம். டெத் மெட்டலில் பாடுகிற முறைக்கு க்ரௌல்னு பேர். நாம உறுமல்னு வெச்சுக்கலாம். இதை வெறும் கத்தல்னு நினைச்சுடாதீங்க. நம்ம தொண்டையில் குரல் நாண்களுக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு. சாதாரணமாப் பேசும்போது அதுக்கு அதிக வேலை கிடையாது. அதையும் அதிர வைத்து, அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சை அளந்து விட்டு எடுக்கிற ஒலி இது. முறையாப் பழகாம தொண்டையை மட்டும் நம்பிக் கத்தினா குரல் கெட்டுப்போகும். அதனால உறுமல் என்பது ஒரு வித்தை. அதில் நல்லாப் பண்றவங்க, சுமாராப் பண்றவங்க எல்லாம் உண்டு.

அந்த வித்தையில் முதல் வரிசையில் இருக்கிறவர் மிகேல் ஓகர்ஃபெல்ட். ஓபெத்தோட பாடகர், கிடாரிஸ்ட், பெரும்பாலான பாட்டுகளை எழுதறவரும் அவர்தான். பேண்ட் 1990-ல் ஸ்டாக்ஹோமில் ஆரம்பிச்சது. ஓகர்ஃபெல்ட்டிடம் இரண்டு குரல் இருக்கு. ஒன்று நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற மாதிரியான உறுமல். இன்னொன்று மென்மையான, கொஞ்சம் சோகமான பாட்டுக்குரல். ஒரே பாட்டுக்குள்ள இரண்டும் மாறி மாறி வரும். 2001-ல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில் 'த டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டைக் கேட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட 11 நிமிஷம். மெதுவா, அழகா ஆரம்பிக்கும். உறுமல் வருகிற இடத்தில் தரை நழுவுகிற மாதிரி இருக்கும். ஓபெத்தோட பலமே அந்த எதிரெதிர்தான். ஒரு குரல் இருந்ததால்தான் இன்னொரு குரலுக்கு மதிப்பு.

2002, 2003-ல் அவங்க ஒரு சோதனை செய்து பார்த்தாங்க. 'டெலிவரன்ஸ்', 'டேம்னேஷன்' என்று இரண்டு ஆல்பங்களை ஒரே சமயத்தில் உருவாக்கி, சில மாத இடைவெளியில் வெளியிட்டாங்க. முதலாவது ரொம்பக் கனமானது. இரண்டாவதில் ஒரு உறுமல்கூடக் கிடையாது. முழுக்க மென்மையான பாட்டுகள், மெல்லோட்ரான் ஒலி. மெல்லோட்ரான் என்பது பழைய காலத்து கீபோர்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே இருக்கிற ஒலிநாடா ஓடும். அதில் பதிவு செய்திருக்கிற வயலினோ புல்லாங்குழலோ சில நொடிகள் ஒலிக்கும். 'டேம்னேஷன்' வந்தபோது பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. இன்னைக்கும் நிறைய பேருக்குப் பிடித்த ஆல்பம் அது.

அப்போ 2011-ல் மட்டும் ஏன் அவ்வளவு கோபம்? என் பதில் இதுதான். 'டேம்னேஷன்' கூடுதலா வந்தது. பக்கத்திலேயே 'டெலிவரன்ஸ்' இருந்தது. யாரும் எதையும் இழக்கலை. 'ஹெரிட்டேஜ்' பதிலா வந்தது. புதுசா ஒன்றைக் கொடுத்தா ஏத்துக்குவோம். இருக்கிறதை எடுத்துட்டு அந்த இடத்தில் இன்னொன்றைக் கொடுத்தா, அது எவ்வளவு நல்லா இருந்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரிவது காலி இடம்தான்.

அந்தக் காலி இடம் சின்னதும் இல்லை. என்னையே எடுத்துக்கோங்க. இருபது வயசில் எனக்குள்ள நிறையக் கோபம் இருந்தது. வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடம் சொன்னா சிரிப்பாங்க. ஹெட்போனில் அந்த உறுமல் எனக்குப் பதிலா அதைச் சொல்லிட்டு இருந்தது. பாட்டு முடியும்போது மனசு லேசாகும். இப்படி ஒரு குரலோட பழகினவங்களுக்கு, அது திடீர்னு நின்றுபோனா வருத்தம் வரத்தான் செய்யும். அதைப் 'பக்குவம் இல்லாத ரசிகர்கள்' என்று ஒதுக்குவது நியாயம் இல்லை.

சரி, பேண்ட் பக்கம் என்ன நடந்தது? 2008-ல் 'வாட்டர்ஷெட்' வந்தது. அந்தக் காலத்து ஓபெத்தை நம்ம ஊரும் பார்த்திருக்கு; 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசிச்சாங்க. அதுக்கப்புறம் அடுத்த ஆல்பத்துக்காக ஓகர்ஃபெல்ட் எழுத ஆரம்பிச்சப்போ, முதலில் வந்த பாட்டுகள் 'வாட்டர்ஷெட்'டின் தொடர்ச்சி மாதிரியே இருந்தன. அதே பாதையில் போனா தனக்கு ஏமாற்றமா இருக்கும்னு பேஸ் வாசிக்கிற மார்ட்டின் மெண்டஸ் அவரிடம் சொன்னார். ஓகர்ஃபெல்ட் எழுதினதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சார். ரசிகர்களைச் சீண்டணும்னோ ரேடியோவில் வரணும்னோ எடுத்த முடிவு இல்லை. சொல்லப்போனா, 'ஹெரிட்டேஜ்' சுலபமா விற்கக்கூடிய ஆல்பமும் இல்லை. 1970-களின் புரோக்ரெசிவ் ராக் வாசனையோட ஒரு மெட்டல் பேண்ட் வந்து நின்றா, எந்த ரேடியோ போடும்?

பதிவு நடந்தது ஸ்டாக்ஹோமின் அட்லாண்டிஸ் ஸ்டுடியோவில். முன்னாடி மெட்ரோனோம் என்ற பேரில் இருந்த இடம். அப்பா குழு பாட்டுப் பதிவு செய்த ஸ்டுடியோ. அந்தப் பழைய வாசனை ஆல்பம் முழுக்கத் தெரியும். முதலில் இரண்டு நிமிஷம் பியானோ. அடுத்து 'த டெவில்ஸ் ஆர்ச்சர்ட்' வரும்போது கிடாரில் பழைய இரைச்சல் இல்லை. வாத்தியங்களுக்கு நடுவில் காற்று புகுந்து போகிற மாதிரி இடைவெளி. டெத் மெட்டலில் ஊறின மார்ட்டின் ஆக்சன்ராட், இங்கே ஜாஸ் வாசிக்கிறவர் மாதிரி மெல்லத் தட்டறார். 'ஃபேமின்' பாட்டில் புல்லாங்குழல் வருது. 2010-ல் மறைந்த ரானி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலியா 'ஸ்லிதர்'னு ஒரு வேகமான பாட்டு.

ஆல்பம் எப்படி? என் கணக்கில் பாதி அருமை. 'ஃபோக்லோர்' கடைசியில் எழும்புகிற விதம் அற்புதம். ஆனா சில பாட்டுகள் நல்ல துணுக்குகளை ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். 'நெபெந்தி' மிதந்துட்டே முடிஞ்சுபோகும். முன்னாடி உறுமல் ஒரு ஆணி மாதிரி பாட்டைப் பிடிச்சு வெச்சிருந்தது. ஆணியை எடுத்தாச்சு, அதுக்குப் பதில் என்ன என்று அவங்களே இன்னும் தேடிட்டு இருந்தாங்க. அந்தத் தேடலைக் கேட்க முடியுது.

இதில் எனக்கு முக்கியமாப் படுகிற சிக்கல் மேடைதான். 'ஹெரிட்டேஜ்' வந்த சமயத்துச் சுற்றுப்பயணத்தில் உறுமல் பாட்டுகளையே தவிர்த்துட்டாங்க. பழைய பாட்டுகளிலும் மென்மையானவற்றை மட்டும் வாசிச்சாங்க. கூட்டத்திலிருந்து பழைய பாட்டுப் பேரைச் சொல்லிச் சத்தம் போட்டவங்க உண்டு. இங்கே நான் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கிறேன். ஆல்பம் கலைஞனோட இடம். அங்கே அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்கலைன்னா நாம வாங்காம இருக்கலாம், அவ்வளவுதான். மேடை பொது இடம். அங்கே நிற்கிறவர்கள் அந்தப் பழைய பாட்டுகளோட வாழ்ந்தவங்க. அந்தப் பாட்டுகளில் அவங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்கு. ஓபெத்தும் இதை உணர்ந்த மாதிரிதான் தெரியுது. பிறகு வந்த கச்சேரிகளில் பழைய உறுமல் பாட்டுகள் திரும்பி வந்தன. ஆனா ஆல்பத்தில் விட்டுக்கொடுக்கலை. 2014-ல் 'பேல் கம்யூனியன்', 2016-ல் 'சோர்சரஸ்', 2019-ல் ஸ்வீடிஷ், ஆங்கிலம் என இரண்டு மொழியிலும் வந்த 'இன் காவ்டா வெனேனம்'. ஹெரிட்டேஜோட சேர்த்து வரிசையா நாலு ஆல்பம், ஒன்றிலும் உறுமல் இல்லை.

இப்போ இரண்டாம் பாகம். 2024 நவம்பரில் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' வந்தது. 'வாட்டர்ஷெட்'டுக்கு 16 வருஷம் கழிச்சு ஓபெத் ஆல்பத்தில் மறுபடி உறுமல். ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்துட்டாங்க, ஜெயிச்சுட்டோம்னு நிறைய பேர் கொண்டாடினாங்க. நான் அப்படிப் பார்க்கலை.

கதையைக் கேளுங்க. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். பணக்காரக் குடும்பம். அப்பா செத்துட்டார். பிள்ளைகள் முன்னாடி உயில் வாசிக்கப்படுது. முதல் ஏழு பாட்டுக்குத் தலைப்பே கிடையாது. உயிலின் பாரா எண்கள்தான் பேர். நடுநடுவே ஜெத்ரோ டல் பேண்டின் இயன் ஆண்டர்சன் பேசறார், புல்லாங்குழல் வாசிக்கிறார். நான் கேட்கிற வரைக்கும், அந்த உறுமல் செத்துப்போன அப்பாவோட குரல். புதைச்ச பிறகும் வீட்டை அதிகாரம் பண்ணுகிற குரல். எட்டாவது பாட்டுக்கு மட்டும் 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்'னு பேர் இருக்கு. அதில் உயில் முடிஞ்சாச்சு, உறுமலும் இல்லை. யார் ரத்தம் யாருக்குச் சொந்தம் என்கிற கடைசி உண்மை மென்மையான குரலில்தான் வெளியே வருது.

2008 வரைக்கும் உறுமல் ஓபெத்தின் பழக்கம். டெத் மெட்டல் பின்னணி, அதனால உறுமல். 2024-ல் அது ஒரு பாத்திரம். ஏன் வருது, எப்போ நிற்குது என்பதற்குக் கதையில் காரணம் இருக்கு. அந்த நாலு ஆல்பங்களில் உறுமல் இல்லாமலே பாட்டை நிறுத்த அவங்க கத்துக்கிட்டாங்க. அதனால திரும்பி வந்த உறுமல் ஆணி வேலை செய்ய வேண்டியதில்லை, நடிக்கலாம். 'வாட்டர்ஷெட்' மாதிரியே இன்னும் நாலு ஆல்பம் போட்டிருந்தா, இந்த அப்பாவோட குரலுக்கு இந்தப் பயம் வந்திருக்காது. நமக்கு அது பழகிப்போயிருக்கும்.

அதனால உங்களுக்குப் பிடிச்ச யாராவது புது ஆல்பத்தில் உங்களுக்குப் பிடிச்ச விஷயத்தை விட்டுட்டாங்கன்னா, வருத்தப்படுங்க, தப்பே இல்லை. திரும்பி வாங்கன்னு கேட்கவும் செய்யுங்க. ஆனா அவங்க போன இடத்தில் என்ன தேடறாங்கன்னு ஒரு காதை மட்டும் திறந்து வையுங்க.

இந்த வாரம் மூணு பாட்டு கேளுங்க. முதலில் 'த டிரேப்பரி ஃபால்ஸ்', அப்புறம் 'ஃபோக்லோர்', கடைசியா 2024 ஆல்பத்தின் முதல் பாட்டு. இதே வரிசையில். கேட்டுட்டு உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. என்னோட ஒத்துப்போகலைன்னா கட்டாயம் எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.