கொடுக்கும் கையின் கணக்கு



1978-இல் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனையால் எலும்பும் தசையும் நரம்பும் சிதைந்து வருவோருக்குப் புகலிடமாகிவிட்ட இந்நகரில், கை நரம்புச் சிகிச்சையில் ஈடுபட்டிருப்போரின் சபைக்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்களித்தமைக்கு வந்தனம். உபசார வார்த்தைகளை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்ட வாலிபனின் கழுத்து ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபடும்போது, கழுத்தடியிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அறுந்துபோகிறது. அறுந்த முனைகளைப் பலாத்காரமாக இழுத்துத் தைப்பதைவிட, இடைவெளியில் வேறொரு நரம்பின் துண்டை இழுவிசையின்றிப் பாலமாக வைப்பதே மேல் என்று வியன்னாவின் அறுவை மருத்துவர் மில்லெசி அரை நூற்றாண்டுக்கு முன்பே நிரூபித்தார். அப்பாலத்தின் வழியே நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், தோளிலிருந்து உள்ளங்கைக்கு அது போய்ச் சேருமுன் அங்குள்ள தசை வாடிப்போவதும் உண்டு.

அத்துண்டை எங்கிருந்து எடுப்பது? கெண்டைக்காலின் பின்புறத்துச் சூரல் நரம்பிலிருந்து எடுக்கலாம். முன்கை உட்புறத்துத் தோல் நரம்பிலிருந்தும் எடுக்கலாம். பின்னலின் கீழ் வேர்கள் இரண்டும் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால், இனிக் கைக்குப் பிரயோஜனப்படாத அல்நார் நரம்பையே ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இதற்காக அக்குள் முதல் மணிக்கட்டுவரை கீறி, துணி மூட்டையை அவிழ்ப்பதுபோலக் கையைத் திறந்து வைப்போம். இப்போது இரண்டு மூன்று சிறு கீறல்களும் ஓர் எண்டோஸ்கோப்பும் போதும்; முன்கைத் தோல் நரம்பை ஒட்டியே ஓடும் பசிலிக் சிரையைக் கிழிக்காமல் பிரித்தெடுக்கும் பொறுமைதான் மிகுதியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் வளையத்தை மாட்டி உருவியெடுக்கும் முறையில் எனக்குச் சம்மதமில்லை. இழுபட்ட நரம்பு வெளியே முழுமையாகத் தோன்றினாலும் உள்ளே சிதைந்திருக்கக்கூடும்.

ஆயினும் ஒரு சந்தேகம் என்னை விட்டபாடில்லை. 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்து, பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை நிமிர்த்திய பால் பிராண்ட், அக்கைகளை அழித்தது நோயினும் அதிகமாக உணர்ச்சியின்மையே என்று கண்டு சொன்னார். நரம்புத் துண்டை எடுத்த இடத்துத் தழும்பு ஒரு சாணிலிருந்து ஓர் அங்குலமாகக் குறுகலாம். அந்நரம்பை இழந்து மரத்துப்போன தோல் அதனால் ஒரு விரற்கடைகூடக் குறைவதில்லை. கவுந்தப்பாடிப் பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் ஆலைக் கொட்டகையில், கொப்பரை விளிம்பில் முன்கை படிந்தும் சுடுவதை அறியாத தொழிலாளிக்கு, கீறல் சிறியது என்று நாம் சொல்லும் ஆறுதலால் என்ன பயன்? மணிக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்து எழுதுவோருக்கு அம்மரப்பு அற்பமாக இருக்கலாம். கை உழைப்பால் ஜீவிப்பவருக்கு அப்படியல்ல. சிறு கீறலைக் கண்டு நாமே ஏமாந்து, தேவைக்கு மேலாக ஒரு துண்டை எடுத்துவிடுவோமோ என்பதே என் அச்சம்.

ஆகவே, இன்று கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் ஒரு விண்ணப்பம். கீறலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்ன கையோடு, ஓராண்டு கழித்து அந்நோயாளியின் முன்கையில் மையால் வரைந்து பார்த்த மரத்த பரப்பையும் சொல்லுங்கள். அளக்காதவர்கள் அளக்கவில்லை என்றே சொல்லலாம். நானும் பல ஆண்டுகள் அளந்தவனில்லை. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.