செயலியில் கூலி வேலை: வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி

(ஜும்ஆவுக்குப் பின் நடந்த ஜமாஅத் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் பரளச்சி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் நம் பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போவது புதிதல்ல. முன்பெல்லாம் கடையிலோ மண்டியிலோ சேர்ந்தார்கள். முதலாளியின் முகம் தெரியும். இன்று ஸ்விக்கி, சொமேட்டோ, ரேபிடோ போன்ற செயலிகளில் வண்டி ஓட்டுகிறார்கள். இந்தியாவில் 2020-21இல் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் கணித்தது.

ஹலாலான எந்த உழைப்பும் தாழ்ந்ததல்ல. சிபாரிசு தேடாமல் வேலை கிடைப்பதும் நல்லதே. ஆனால் கூலி இன்னதென்று வேலைக்கு முன்பே தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். செயலியிலோ தூரம், நேரம், ஊக்கத்தொகை என்று கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் ஓட்டுபவர் தலையில். கால் முறிந்து படுத்தால் அன்றோடு வருமானம் நின்றுவிடும்.

சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விலை தெரியாமல் விற்பவர் ஏமாறக் கூடாது என்பதே காரணம். 2016இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையில் விளைபொருளின் விலையை விவசாயி கைபேசியிலேயே பார்க்கலாம். ஆக, கைபேசி விலையைக் காட்டவும் செய்யும், கூலியை மறைக்கவும் செய்யும். விவரம் தெரிந்தவருக்கே அது பயன்.

தமிழக அரசு 2023 டிசம்பரில் இத்தொழிலாளர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 முதல் நடக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இந்நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குத் தர வேண்டும். ஆனால் பெயர் பதியாதவரை எந்த வாரியமும் தேடி வராது.

ஆகவே, பிள்ளை மாதம் எவ்வளவு அனுப்பினான் என்று கேட்கும் வீட்டார், நலவாரியத்தில் பதிந்துவிட்டானா என்றும் கேளுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ஆதாரில் இணைத்த கைபேசியுடன் ஊருக்கு வரும்போது நம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கட்டணமின்றிப் பதிந்து தருகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.