நகத்தில் நாலு புள்ளி
(மகளிர் குழுவின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்க்கில் வேலை பார்த்தவள் என்பதால் வைப்பு நிதி, வட்டி விகிதம் என்று ஏதாவது பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நெயில் ஆர்ட். நம் பிளாக்கில் கோடை விடுமுறையில் பெண் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார்களே, அதேதான். அதில் நமக்கும் பங்கு உண்டு, நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆபத்தும் உண்டு. ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அழகு.

"இந்த வயதிலா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. மருதாணி வைத்து நகம் சிவக்க உட்கார்ந்திருந்த தலைமுறைதானே நாம்? நகமும் தோலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. மருதாணி இலையிலுள்ள சாயம் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் தேய்த்தாலும் போவதில்லை. நகம் வளர்ந்து வெட்டிய பிறகுதான் போகும். கணவரை இழந்தவர்கள் பூவும் பொட்டும் வைக்கக் கூடாது என்று சொன்ன வாய்களே இப்போது குறைந்துவிட்டன. நகத்துக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்?

தேவையான சாமான்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. இரண்டு மூன்று நிற நெயில் பாலிஷ், நிறமில்லாத பாலிஷ் ஒன்று, ரிமூவர், பஞ்சு. மற்றபடி பல்குச்சி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ஹேர்பின், செலோ டேப், பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. பார்லரில் ஒரு தடவை கொடுக்கிற பணத்தை நினைத்துப் பார்த்தால் இது செலவே இல்லை.

இதெல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் விரித்தால் போதாது. ரிமூவர் சிந்தினால் காகிதத்தைத் தாண்டி இறங்கி டைனிங் டேபிளின் பாலிஷையும் எடுத்துவிடும்.

பாத்திரம் கழுவிய கையோடு, எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஆரம்பிக்காதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக விரியும், காய்ந்ததும் சுருங்கும். மேலே பூசியது விரிந்து உரிந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு, ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தை ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப்பசை போய்விடும். நகத்தின் அடியில் உள்ள மெல்லிய தோலைச் சிலர் வெட்டி எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கும் நமக்கு நகச்சுற்று வர அது ஒன்றே போதும்.

முதலில் நிறமில்லாத பாலிஷ் ஒரு பூச்சு. இதைத் தவிர்த்துவிட்டு அடர்சிவப்பைப் பூசினால் நகம் மஞ்சளாகும். அந்தக் கறை வளர்ந்து வெளியேறித்தான் போக வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும், கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பிறகு நிறம்: நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொன்று. தடிமனாக ஒரே பூச்சு பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு மேல். இளம் ரோஜா, வெள்ளை மாதிரி வெளிர் நிறங்கள் நம் சமையலுக்குத் தாங்காது. மஞ்சள்தூள் இரண்டே நாளில் தன் கைவரிசையைக் காட்டிவிடும். சமைக்கிறவர்கள் அடர்நிறமாகத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கோலம். கோலம் போடத் தெரிந்தவருக்கு நெயில் ஆர்ட் பாதி தெரிந்த மாதிரி. ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டுப் பாலிஷை விட்டு, பேனா முனையால் தொட்டு நகத்தில் வையுங்கள். தேய்க்க வேண்டாம், வைத்து எடுத்தால் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட்டால் எல்லாம் ஒரே அளவாக வரும். ஒருமுறை தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனால் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும், அதுவே ஒரு வடிவம். ஐந்து புள்ளி வட்டமாக, நடுவில் வேறு நிறத்தில் ஒன்று, பூ தயார். புள்ளி ஈரமாக இருக்கும்போதே பல்குச்சியால் நடுவை நோக்கி இழுத்தால் இதழ் கூர்மையாகும். சிக்குக் கோலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கட்டைவிரலில் மட்டும் முயலுங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளிக்கு மேல் அங்கே இடமில்லை!

நேர்க்கோட்டுக்கு செலோ டேப். முதலில் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்து அதன் பசையைக் குறைத்துக்கொண்டு, அடி நிறம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மேல் நிறம் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற மாதிரி வேண்டுமானால், ஸ்பாஞ்ச் துண்டில் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி நகத்தில் ஒற்றி எடுங்கள்.

வலது கைக்காரருக்கு வலது கையில் போடுவதுதான் சோதனை. மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு, பிரஷை அசைக்காமல் விரலைத் திருப்பிப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது. நீங்கள் அவருக்கு, அவர் உங்களுக்கு. தனியாக இருக்கிற பெரியவர்கள் நம் பிளாக்கில் எத்தனை பேர்? அவர்கள் கையைப் பிடித்து அரை மணி நேரம் யாராவது உட்கார்ந்திருப்பது எப்போதாவதுதான் நடக்கிறது.

சரி, ஆபத்துக்கு வருகிறேன்.

நெயில் பாலிஷ் எப்படிக் காய்கிறது? நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். திரவம் ஆவியாகப் பறந்ததும் படலம் நகத்தில் நிற்கிறது. அந்த ஆவியும் ரிமூவரிலுள்ள அசிட்டோனும் சட்டென்று தீப்பிடிப்பவை. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எரிகிற இடத்தில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். ஏசி போட்டு ஜன்னலை அடைத்த அறையிலும் வேண்டாம். பாலிஷ் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றிக் கலக்காதீர்கள், பாலிஷ் கெட்டுப்போகும். அதற்கென்றே தின்னர் விற்கிறது.

ஒட்டு நகத்துக்கு வருகிற பசை இன்னொன்று. அது பருத்தித் துணியில் கொட்டினால் திடீரென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். பிள்ளைகள் பருத்தி பாவாடையோடு மடியில் வைத்து ஒட்டிக்கொள்கிறார்கள், கவனியுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஆன்லைனில் வாங்குகிற ஜெல் பாலிஷ் பெட்டி. ஒரு குட்டி விளக்கோடு வரும். ஜெல் காற்றில் காய்வதில்லை. அந்த விளக்கின் புற ஊதா ஒளியில் அக்ரிலேட் வகை ரசாயனங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கெட்டியாகின்றன. விளக்கும் ஜெல்லும் ஒத்துப்போகாமல் பாதி கெட்டியாகி நின்றாலோ, பூசும்போது தோலில் வழிந்தாலோ, திரும்பத் திரும்பப் படும்போது ஒவ்வாமை வரலாம். நகத்தைச் சுற்றி அரிக்கும், நகம் தூக்கிக்கொள்ளும், சிலருக்குக் கண் இமையில் தடிப்பு வரும். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கக்கூடியது.

நகத்தோடு போனால் பரவாயில்லை. பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு ஒட்ட வைக்கும் சிமென்டிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டாக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை, அறுபதில் முழங்கால் அறுவையின்போது குறுக்கே வந்து நிற்கலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-லேயே இதை எச்சரித்தது. இந்தப் பொருள்களில் முக்கியமான ஒன்றான ஹெமாவை, தொழில்முறையாகச் செய்கிறவர்கள் மட்டுமே நகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் விதி கொண்டுவந்தது. நம் வீட்டு வாசலுக்கு வருகிற பெட்டியில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாதாரண பாலிஷே போதும். ஏற்கெனவே ஜெல் போட்டு அரிப்பு வந்தவர்கள் பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் வயதினருக்கு இன்னொரு விஷயம். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மானி, அடர்நிறப் பாலிஷ் இருந்தால் தவறாகக் காட்டக்கூடும். நகம் வெளிறுவதையும் நீலம் பாய்வதையும் டாக்டர் பார்க்க முடியாது. சாதாரண பாலிஷை அவசரத்துக்கு ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். ஜெல் அப்படிப் போகாது, ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் என் நகத்தில் இரண்டு விரலையாவது எப்போதும் வெறுமையாக வைத்திருக்கிறேன். கேட்டால் அதுதான் டிசைன் என்று சொல்லிவிடுவேன்.

காலிப் பாட்டில்களை ஈரக் குப்பையில் போடாமல், பெயிண்ட் டப்பாக்களோடு தனியாக வைத்துக் கொடுங்கள். ரிமூவரைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். துடைத்த பிறகு நகம் வறண்டு போகும், இரவில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மொட்டைமாடியில் ஷெட்டுக்குக் கீழே உட்காருவோம். காற்றோட்டமான இடம். பாலிஷ் என்னிடம் ஆறு நிறம் இருக்கிறது. ஆளுக்கொரு பழைய பேனாவும் ஒரு தட்டும் கொண்டு வாருங்கள். படி ஏற முடியாதவர்கள் லிஃப்ட் பக்கத்திலுள்ள பலகையில் வீட்டு எண்ணை எழுதி வைத்தால், நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து போட்டுவிடுகிறோம்.