வாத்தியாராகப் போகிறவர்களுக்கு நம் தெருவைக் காட்டுங்கள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, பஞ்சப்படி, நிலம் இவற்றைப் பேசும் மேடையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துவது வறுமை மட்டுமல்ல. வியாதியும் சேர்ந்தே துரத்துகிறது. அந்த வியாதியை முதன்முதலில் கண்ணால் பார்க்கிறவர் டாக்டர் அல்ல, வகுப்பு வாத்தியார். பார்ப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரே ஒரு வியாதியை எடுத்துக் கொள்வோம். கொக்கிப்புழு. வயல் வேலை செய்கிற தோழர்களுக்கு இது புதிதல்ல. வெட்டவெளியில் மலங்கழிக்கும் இடத்தில் இதன் முட்டை மண்ணில் விழுகிறது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுவாகக் காத்திருக்கிறது. வெறுங்காலோடு மிதிக்கிறவனின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. செருப்பும் கக்கூசும் உள்ள வீட்டுப் பிள்ளையை இது அதிகம் தேடிப் போவதில்லை. யாரைத் தேடி வருகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வயிற்றில் இந்தப் புழுவைச் சுமந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்கும். சொன்ன கணக்கு மனசில் நிற்காது. பத்து மணிக்கே தூங்கி விழும். வாத்தியார் என்ன செய்கிறார்? "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறார். சில சமயம் பிரம்பும் பேசுகிறது. பெற்றவர்களும் "படிப்பு ஏறவில்லை" என்று நிறுத்தி விடுகிறோம். ரத்தம் இல்லாததை மூளை இல்லாததாக ஆக்கிவிட்டார்கள்! இப்படிப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

இது ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் ரத்தசோகை. அரைவயிற்றுச் சாப்பாடு இதற்குப் பெரிய காரணம். புழு அதற்குக் கூட்டாளி.

புழுவுக்கு மருந்து உண்டு. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாள் நடத்தி இதைக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை தின்ற பிள்ளை மறுநாளும் அதே மண்ணைத்தான் மிதிக்கிறது. கக்கூசும் செருப்பும் இல்லாவிட்டால் புழு திரும்பி வரும். இதைச் சொல்லத் தெரிந்த வாத்தியார் எத்தனை பேர்?

இரும்புச் சத்து மாத்திரையின் கதை இன்னும் மோசம். வாராவாரம் பள்ளியில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் தின்றால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும். இது மாத்திரையின் குணம், பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்ட பிறகு தின்றால் குமட்டல் குறையும் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல ஆளில்லாத இடத்தில் பிள்ளைகள் பயந்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறார்கள். சர்க்கார் பணமும் வீண், பிள்ளையின் உடம்பும் வீண்.

பாடப் புத்தகத்தில் சுகாதாரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தினமும் குளி, நகத்தை வெட்டு, துவைத்த துணி உடுத்து, பழமும் பாலும் சாப்பிடு. எல்லாம் சரிதான். குழாயில் தண்ணீர் வராத தெருவிலிருந்து வரும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் அது பாடமா, அவமானமா? வியாதிக்குக் காரணம் உன் அழுக்குத்தான் என்று அந்தப் பிள்ளை படித்துக் கொள்கிறது. தண்ணீர் ஏன் வரவில்லை என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சுத்தம் என்ற சொல்லுக்குள் ஜாதி ஒளிந்திருக்கிறது. பள்ளிக் கக்கூசைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். தலித் பிள்ளைகளை அனுப்பிய செய்திகள் நம் காலத்திலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கிருமிக்கு ஜாதி கிடையாது என்பதை வாத்தியார் வேலைக்கு வருகிறவர் வருவதற்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.

இங்கேதான் பயிற்சி என்ற பிரச்னை வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைப் பற்றி 1946-ல் போர் கமிட்டி எழுதியது. 1960-ல் ரேணுகா ராய் தலைமையில் இதற்கென்றே ஒரு கமிட்டி போட்டு, 1961-ல் அறிக்கையும் வாங்கினார்கள். பிறகு 2020-ல் மத்திய சர்க்கார் பள்ளி சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களுக்குச் சில நாள் பயிற்சி, 11 தலைப்புகள், வாரம் ஒரு மணி நேரம் பாடம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் பள்ளியில் இருப்பதே இரண்டு ஆசிரியர் என்றால்? பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போய்விட்டால்? திட்டமும் அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

வேலையில் இருப்பவரை நாலு நாள் கூப்பிட்டு உட்கார வைப்பது ஒட்டுப் போடும் வேலை. வாத்தியாராகப் போகிறவர் இரண்டு வருஷம் பயிற்சியில் இருக்கிறாரே, அந்தக் காலத்தில் கற்றுக் கொடுத்தால் போகிற ஒவ்வொரு பள்ளிக்கும் அது அவரோடு போகும். 1986 கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வைத்தார்கள். அங்கே ஆரோக்கியத்தைப் பரீட்சைக்கான குறிப்பாக மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. பயிற்சி மாணவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கொக்கிப்புழு முட்டையை மைக்ராஸ்கோப்பில் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிள்ளையின் எடை, உயரம் எடுத்து எழுதப் பழக வேண்டும். கரும்பலகை தெரியாத கண்ணைக் கண்டுபிடிக்கக் கற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் தெருவுக்கு வர வேண்டும். குழாய் எத்தனை, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, கக்கூஸ் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு போய், அதிலிருந்தே அடுத்த நாள் பாடத்தைத் தயாரிக்க வேண்டும்.

நடக்கிற காரியமா? 1961-ல் கியூபாவில் ஏறத்தாழ லட்சம் மாணவர்கள் எழுத்தறிவிக்கக் கிராமங்களுக்குப் போனார்கள். வரதேரோ என்ற கடற்கரை ஊரில் பயிற்சி பெற்று, விவசாயிகள் வீட்டிலேயே தங்கி, பகலில் அவர்களோடு வேலை செய்து, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கற்பிக்கப் போனவர்கள் தாங்களும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். நம் பயிற்சி மாணவரை அத்தனை தூரம் அனுப்பச் சொல்லவில்லை. ஊராட்சிப் பள்ளிக்கு அடுத்த தெருவரை அனுப்புங்கள் என்கிறோம்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவருக்கு வார விடுமுறை கழித்து முதல் நாள் நெஞ்சு இறுகும். பஞ்சுத் தூசு செய்யும் வேலை அது. உங்கள் பிள்ளை அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குகிறது. பள்ளியில் புகை பிடிக்காதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். தூசைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு வாரம் நீடித்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும், காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று பிள்ளை வீட்டில் வந்து சொன்னால், எத்தனை தகப்பன்மார் பிழைப்பார்கள்!

பெண் பிள்ளைகளின் மாதவிடாயை வாத்தியார்கள் தொடவே கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்ததை, 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். பள்ளியிலேயே தன் உடம்பைப் பற்றிக் கற்ற பெண், "இது என்ன மாத்திரை?" என்று கேட்டிருப்பாள். முதலாளிக்குப் பிடிக்காத கேள்விதான்.

ஆசிரியர்களை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. தேர்தல் வேலை, பதிவேடு, கணக்கெடுப்பு என்று அவர்கள் தலையிலும் சுமை ஏற்றியிருக்கிறார்கள். காலியிடத்தை நிரப்பாமல் இதையும் அவர்கள் தலையில் கட்டினால் நாமே எதிர்க்க வேண்டும். அவர்கள் சங்கமும் நம் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

கேட்க இடமும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பயிற்சி மாணவர்கள் உங்கள் பள்ளிக்குப் பல வாரம் பாடம் நடத்த வருவார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது நம் தெருவுக்கு அழைத்து வரத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளிக் கக்கூசில் தண்ணீர் வருகிறதா, கழுவக் கூலிக்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பகலில் கூட்டம் வைத்தால் அரைநாள் கூலி போகும் என்று தெரியும். ஆகவே மாலை ஆறு மணிக்குமேல் கூட்டம் வையுங்கள் என்பதையே முதல் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள்.