கர்ணம் முதல் சத்துணவுச் சமையலர் வரை

அரசுப் பணியில் செய்யும் வேலை ஒன்று. அந்த வேலை எந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறொன்று. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் முடிவுசெய்வது பட்டியல்தான். காலமுறை ஊதியம் மேல்படி. சிறப்புக் காலமுறை ஊதியம் அதற்குக் கீழ்ப்படி. தொகுப்பூதியமும் மதிப்பூதியமும் அதற்கும் கீழே. ஒரு பணியிடத்தை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாற்றுவதே மறுவகைப்பாடு. அரசு ஊழியர் சங்கங்களின் கோரிக்கை மனுக்களில் அது பல்லாண்டுகளாக இடம்பெற்று வருகிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஊர்ப்பணிகளின் கதை பழையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்கிறது. ஊர்க்கணக்குக்கு அன்றே அவ்வளவு மதிப்பு. பிற்காலத்தில் ஊர்க்கணக்கு கர்ணத்திடமும் ஊர் நிர்வாகம் மணியக்காரரிடமும் பரம்பரைப் பதவிகளாக நிலைத்தன. 1960இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பரம்பரை உரிமை அரசமைப்புக்கு முரணானது என்றது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. 1981இல் அது சட்டமானது. பதவியை இழந்தோர் வழக்காடினர். பதவியை ஒழிப்பது தண்டனை ஆகாது, அது அரசின் அதிகாரம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த இடத்துக்கு முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

கணக்கு எழுதியவரின் பதவி மாறியது. அவருக்குத் துணைநின்ற தலையாரிக்கும் வெட்டியானுக்கும் நீர்க்கட்டிக்கும் என்ன ஆயிற்று? தென்னேரி, உத்திரமேரூர் போன்ற ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் மதகைத் திறப்பதும், தண்டோரா போடுவதும், அறிவிப்பைக் கொண்டுசேர்ப்பதும் நேரம் பார்த்துச் செய்யும் வேலைகளாக இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் பகுதிநேரப் பணியாளராகவே இருந்தனர். 1995 ஜூன் 1 முதல், கிராம உதவியாளர் எனப்படும் இவர்களின் பணி முழுநேரமானது. அதற்கு முந்தைய பகுதிநேரப் பணிக்காலத்தில் பாதி ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்பட்டது. அலுவலக உதவியாளருக்கு இணையான காலமுறை ஊதியம் என்ற கோரிக்கை மட்டும் தொடர்கிறது.

அதைவிடச் சிக்கலானது சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களின் நிலை. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பணிகள், பெரும்பாலோர் பெண்கள். அரசின் வாதம்: இது திட்டப் பணி, பகுதிநேரம். சங்கத்தின் வாதம்: அரிசி இருப்பு, பதிவேடு, குழந்தைகளின் பாதுகாப்பு அனைத்துக்கும் பொறுப்பேற்பவர் எப்படிப் பகுதிநேரம் ஆவார்? 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் தங்களிடமே ஒப்படைக்கச் சங்கத்தினர் கேட்டதில் ஒரு கணக்கு உண்டு: வேலை நேரம் நீண்டால் முழுநேரக் கோரிக்கை வலுக்கும். நீதிமன்றமும் இருபக்கம் பார்த்திருக்கிறது. அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி அல்ல என்று 2006இல் கூறிய உச்ச நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் தீர்ப்பளித்தது.

பேச்சுவார்த்தையின் பாதை தெரிந்ததே: கோரிக்கை மனு, துறைச் செயலாளர், நிதித்துறை, அமைச்சர்கள் குழு, ஒரு நபர் குழு, கடைசியில் அரசாணை. நடுவில் தர்ணா, மறியல், வேலைநிறுத்தம். சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்ந்தனர். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்திலும் சிறப்புக் காலமுறை ஊதியக்காரருக்கு முறையான காலமுறை ஊதியம் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று.

நிதித்துறையின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. ஒரு பணியிடம் ஏறினால் அதற்கு இணையான பணியிடங்கள் எல்லாம் ஏற்றம் கேட்கும். ஓய்வூதியச் சுமையும் சேர்ந்தே கூடும். ஆனால் சிக்கனத்துக்காகப் போடும் கோடு அநீதியாகவும் முடியும். இடைநிலை ஆசிரியரில் 2009 மே 31 வரை நியமிக்கப்பட்டவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். கல்வித் தகுதி ஒன்று, பாடம் ஒன்று, வகுப்பறை ஒன்று. நியமன நாள் மட்டும் வேறு. ஊதிய முரண்களை ஆராய 2018இல் எம்.ஏ. சித்திக் தலைமையில் ஒரு நபர் குழு அமைந்த பின்னரும் அந்த ஆசிரியர்களின் போராட்டம் ஓயவில்லை.

வேலையை அளந்து கூலி வைப்பது காஞ்சிபுரம் தறிக்குப் புதிதல்ல. மூன்று நாடா ஓடும் கோர்வைச் சேலைக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எனவே அதன் கூலி சாதாரணச் சேலையின் கூலி ஆகாது. பணியிட வகைப்பாட்டுக்கும் அளவுகோல் இதுவே: வேலையின் தன்மை, நேரம், பொறுப்பு, தேவையான தகுதி. மத்திய அரசு ஊழியருக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு உண்டு; ஊதியம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு எட்டாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகவும் அதில் வழி உண்டு. வேலையை இரு தரப்பும் சேர்ந்து அளந்து, முரண்பட்டால் நடுவரிடம் விடும் ஏற்பாடு மாநிலப் பணியிடங்களுக்கும் உறுதிப்பட்டால், வகைப்பாட்டுக் கோரிக்கைகள் தெருவுக்கு வரும் முன்பே மேசையில் தீர வாய்ப்பு உண்டு.