ஊர்ச் செய்தியும் உறைவிடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கடனீரேரி கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு இந்நீர்வழியை வெட்டி அகலச் செய்தான் என்பது செவிவழி மரபு. ஆற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் ஆலயமும், அன்னதானத்திற்குப் பெயர்பெற்ற அதன் மடங்களும் உள்ளன. பாடசாலை மாணவர் பலரும் அறிந்த வெளிக்கள நிலையம் இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கடல்நீர் உட்புகாது தடுக்கவும் மழைநீரைத் தேக்கவுமென அமைக்கப்பட்ட கதவணையும் இங்கேயே இருக்கின்றது. கிழக்கே வடமராட்சி, மேற்கே வலிகாமம். இரண்டையும் பாலம் இணைக்கின்றது. ஆதலால் இருபுறத்துச் செய்திகளும் இவ்வூரிலே சந்திப்பது இயல்பாயிற்று.

இவ்வூரும் இதனை அடுத்த கரையோரக் குடியிருப்புகளும் கடந்த பல ஆண்டுகளாகக் கேட்ட செய்திகளுள் முதன்மையானவை வீட்டைப் பற்றியனவே. யாருக்கு வீடு கிடைக்கும், எந்த இடத்தில் கட்டலாம், எவ்வளவு பணம் வழங்கப்படும், நேற்றுச் சொன்ன விதி இன்றும் நிற்கின்றதா என்னும் வினாக்கள் சந்தைக்குச் செல்லும் வழியிலும் கோயில் வீதியிலும் கேட்கப்பட்டன. வீடமைப்புக் கொள்கை தலைநகரிலே வகுக்கப்படுகின்றது. அதன் பயனையும் பிழையையும் அனுபவிப்பவர் ஒழுங்கையிலே வாழும் வீட்டுக்காரர். இவ்விருவருக்குமிடையே செய்தி எவ்வாறு சென்றது, எப்பொழுது சென்றது என்பதிலேயே பல குடும்பங்களின் நல்வாழ்வு தங்கியிருந்தது.

முதலில், இக்கரையில் வீடு என்னும் சொல் எதனைக் குறிக்கின்றது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். சுவரும் கூரையும் வீட்டின் ஒரு பகுதியே. வளவு, வேலி, கிணறு, அதற்குச் செல்லும் ஒழுங்கை, இவற்றையெல்லாம் எல்லை குறித்துக் காட்டும் உறுதி ஆகியன சேர்ந்தே வீடு ஆகின்றது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகளிலே காணிகள் பதிவு பெற்றன. 1707இல் ஒல்லாந்த அலுவலரான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்தியது. ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனைத் திருத்தியது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்றளவும் உயிருடன் இருக்கின்றது. ஆகவே இப்பகுதியில் ஒரு வீடு இடிந்தால் ஒரு குடும்பத்தின் கூரை மட்டும் இடிவதில்லை; ஒரு பெண்ணின் உரிமையும், அவள் பிள்ளைகளுக்கு வரவேண்டிய முதுசொமும் கேள்விக்குறியாகின்றன.

ஊரிலே செய்தி பரவும் வழிகளும் பழையனவே. முற்காலத்தில் விதானையார் அறிவித்தார். 1963இல் அப்பதவி ஒழிந்தபின் கிராம சேவையாளர் அப்பணியை மேற்கொண்டார். சனசமூக நிலையத்தின் வாங்கிலே அமர்ந்து ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, நால்வர் கேட்டனர். 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு வெளிவரத் தொடங்கிய பின்னர், குடாநாட்டுச் செய்திக்குக் கொழும்புப் பத்திரிகையை மட்டும் எதிர்பார்த்திருக்கும் நிலை மாறியது. வானொலியும் வீடுகளுக்குள் வந்தது. ஊர் தன் இடத்தில் இருக்கும்வரை இவ்வழிகள் போதுமானவையாக இருந்தன. ஊரே இடம்பெயர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதே கருத்திற் கொள்ள வேண்டியது.

1987 மே மாதத்து வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது இக்கரையின் மக்கள் ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தனர். 1990இல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் பெயர்ந்தன. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய இடங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெளியேறி, தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கி நடந்தது. கிராம சேவையாளர் ஓரிடத்திலும், குடும்பம் வேறோரிடத்திலும், காணி யாரும் செல்ல முடியாத மற்றோரிடத்திலும் இருக்கும் நிலை தோன்றியது. உறுதிகள் பல எரிந்தன, பல தொலைந்தன, பல வெளிநாடு சென்ற உறவினர் கையிலே தங்கின. சனசமூக நிலையத்தின் வாங்கும் அதனைச் சூழ்ந்திருந்தோரும் சிதறினர். இவ்வாறு செய்தியின் வழி அறுந்திருந்த காலத்திலேதான் வீடமைப்பின் புதிய விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தது. வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்கள் பேரழிவைக் கண்டன. அதனையடுத்து, கரையிலிருந்து குறித்த தூரத்துள் வீடு கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது. தெற்கு, மேற்குக் கரைகளில் அத்தூரம் 100 மீற்றர்; வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர். வடமராட்சியின் வடகரையில் வீதியும் வீடும் வள்ளம் இழுத்து வைக்கும் இடமும் கடலுக்கு மிக அண்மையில் உள்ளன. 200 மீற்றர் என்று கோடு கிழித்தால் பல இடங்களில் ஊரின் உயிர்ப்பான பகுதி முழுவதும் அக்கோட்டினுள் அகப்பட்டுவிடும். கோட்டிற்கு வெளியே வீடிழந்தோருக்கு, முற்றாக அழிந்த வீட்டிற்கு 250,000 ரூபாவும் பகுதியாக அழிந்ததற்கு 100,000 ரூபாவும் வழங்குவதாகத் திட்டமிடப்பட்டது. கோட்டினுள் இருந்தோருக்கு வேறிடத்தில் கட்டிய வீடு தருவதாகச் சொல்லப்பட்டது. கடலை நம்பி வாழ்பவன் கரையை விட்டு எவ்வளவு தூரம் செல்வான் என்னும் கேள்வி எங்கும் எழுந்தது. 2005இன் இறுதியிலும் 2006இலும் அவ்விதி தளர்த்தப்பட்டு, கரையோரம் பேணல் திணைக்களத்தின், இடத்துக்கிடம் வேறுபடும் எல்லைகளே மீண்டும் பின்பற்றப்பட்டன. விதி தளர்ந்தது நன்றே. ஆயினும் முதல் அறிவித்தலை நம்பி வேறிடத்திற்குச் சென்றவரும், நம்பாது காத்திருந்தவரும் ஒரே பலனைப் பெற்றாரல்லர். ஓராண்டுக் காலம் கிடுகுக் கொட்டிலிலே கழிந்தமைக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2012 ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்திலே, இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி தொடங்கப்பட்டது. மொத்தம் 50,000 வீடுகள் அத்திட்டத்தின் இலக்கு. புதிதாகக் கட்டுவோருக்கு 550,000 ரூபா; திருத்துவோருக்கு 250,000 ரூபா. ஒப்பந்தகாரர் கட்டிக் கையளிப்பதற்குப் பதிலாக, வீட்டுக்காரரே மேசனை அமர்த்தி, கல்லும் மணலும் சீமெந்தும் வாங்கிக் கட்டுவதே இதன் முறை. அத்திவாரம், சுவர், கூரை என வேலை முன்னேற முன்னேறப் பணம் பகுதி பகுதியாக வங்கிக் கணக்கிற்கு வந்தது. வாசல் எத்திசை பார்க்க வேண்டும், சமையலறை எப்பக்கம் இருக்க வேண்டும், சுவாமியறைக்கு இடம் எங்கே என்பவற்றை வீட்டுக்காரரே தீர்மானித்தனர். இஃது இம்முறையின் பெருஞ்சிறப்பாகும். எனினும் 550,000 ரூபாவிற்குள் வீடு முற்றுப்பெறாதபோது பலர் நகையை ஈடுவைத்தனர், வட்டிக்கு வாங்கினர். உதவித்தொகை ஒரே அளவில் நிற்க, மணலின் விலையும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே சென்றன.

அடுத்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்கிற்கு 65,000 இரும்பு வீடுகள் என்னும் திட்டம் வந்தது. வெளிநாட்டு நிறுவனமொன்று பகுதிகளாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடுகள் அவை; ஒன்றின் விலை 20 இலட்சம் ரூபாவைக் கடந்ததாக இருந்தது. கல்லும் சீமெந்தும் கொண்டு அதில் ஏறக்குறைய பாதிச் செலவில் கட்டலாமே எனப் பொறியியலறிஞரும் மக்கள் பிரதிநிதிகளும் வினவினர். வெப்பம், காற்றோட்டம், அத்திவாரத்தின் உறுதி, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்டும் வசதி என்பவற்றையெல்லாம் அவர்கள் எடுத்துரைத்தனர். கடலுப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைக் கரையோர ஊரவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்திட்டம் வகுத்தபடி நிறைவேறவில்லை. இம்முறை செய்தி காலத்தோடு பரவியது. பத்திரிகைகளும் அறிஞரும் அதனை ஆராய்ந்தனர். எதிர்ப்பு ஒப்பந்தத்திற்கு முந்திக்கொண்டது. ஊர் முன்கூட்டி அறிந்தால் கொள்கை திருந்தும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் தேசிய வீடமைப்பு அதிகாரசபை வாயிலாகப் பல கிராமங்களில் புதிய வீடுகள் தொடங்கப்பட்டன. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் வெட்டினர் பயனாளிகள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, கொடுப்பனவுகள் தடைப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகள் சுவர் மட்டத்திலே நின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் விலை 3,000 ரூபாவளவில் உயர்ந்தபோது, முதலில் மதிப்பிட்ட தொகைக்கு அவ்வீட்டை முடித்தல் எவருக்கும் இயலாததாயிற்று. கூரையற்ற சுவருக்குள் மழைநீர் தேங்க, அருகிலே தகரக் கொட்டிலில் குடும்பம் வாழ்ந்தது. கடன் கொடுத்தவன் கொள்கை மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை.

காணியைப் பற்றிய செய்தி இதனினும் கடுமையானது. 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியாயிற்று. உரிமையாளர்களைக் கண்டறிய இயலவில்லை என்பது அதிற் கூறப்பட்ட செய்தி. அவ்வுரிமையாளர்களோ மல்லாகம் கோணாப்புலம் முதலிய முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் 1990 முதல் வாழ்ந்துகொண்டிருந்தனர். பங்கீட்டு அட்டையிலும் வாக்காளர் இடாப்பிலும் அவர்கள் பெயர் இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அதன்பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. முகாமில் வாழ்ந்தோரின் குரல் காணியைச் சென்றடைய அவ்வளவு காலமாயிற்று.

இன்னொரு குறை பலரும் கவனியாதது. வீடமைப்புப் படிவங்கள் குடும்பத் தலைவர் யார் என வினவுகின்றன. அவ்விடத்திலே வழக்கமாகக் கணவன் பெயரே எழுதப்படுகின்றது. சீதன வளவோ மனைவியின் பெயரில் உள்ளது. ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்புக் கரையிலே, தாய்வழிச் சீதன வீட்டை இழந்த பெண்கள் பலர் புதிய வீட்டில் தம் பெயரைக் காணவில்லை. போரிலே கணவனை இழந்தவரும், கணவன் காணாமற்போனவரும் பல்கிய இக்குடாநாட்டில், படிவத்தின் அவ்வொரு வரி ஒரு பரம்பரையின் உரிமையை மாற்றிவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது செய்யத்தக்கன சில புலனாகின்றன. முதலாவது, அத்திவாரம் வெட்டச் சொன்ன விதி அவ்வீடு முடியும்வரை மாறலாகாது. புதிய அரசாங்கம் புதிய திட்டம் வகுக்கலாம். பழைய திட்டத்தின்கீழ்த் தொடங்கிய வீட்டை முடித்துக்கொடுக்கும் கடப்பாடு அதற்கும் உண்டு. இரண்டாவது, உதவித்தொகை வீட்டுக்காரர் கையிலே வருவதும், அத்தொகை பொருள்களின் விலையோடு சேர்ந்து ஏறுவதும் ஒருங்கே அமைய வேண்டும். மூன்றாவது, வீட்டின் பதிவு உறுதியிலுள்ள பெயரைப் பின்பற்ற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உரித்தாளராயின் இருவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

நான்காவது ஊரவரின் பொறுப்பு. சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையிலே மரண அறிவித்தலும் திருவிழா அறிவித்தலும் தவறாது இடம்பெறுகின்றன. அவற்றின் அருகே வீடமைப்பு அறிவித்தலையும், விண்ணப்பத்தின் இறுதித் திகதியையும், பயனாளிகள் பட்டியலையும் ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சட்டம் கற்ற இளைஞர் ஒருவர் மாதத்தில் ஒருநாள் அங்கே அமர்ந்து, தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறும் வழியையும், முன்னோர் பெயரிலே பிரிக்கப்படாது கிடக்கும் காணியைப் பங்கிடும் வழியையும் விளக்கலாம். வெளிநாட்டிலே வாழும் பங்காளிக்கு எழுதவேண்டிய கடிதத்தையும் அங்கிருந்தே எழுதலாம். எழுத்தறியாத முதியவருக்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும், முகாமிலே தங்கியவருக்கும் அச்செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஊரின் கடமை.

சந்நிதி மடங்களில் உணவு பெற வருபவரை யார், எவ்வூர் என எவரும் கேட்பதில்லை. பசிக்கு உணவிடும் அவ்வறத்தைத் தொண்டைமானாறு நெடுங்காலமாகக் காத்து வருகின்றது. அயலவன் காணியைப் பற்றிய அறிவித்தல் வந்தால், அன்று மாலையே அதனை அவன் படலைக்குக் கொண்டுசெல்வதும் அத்தகைய அறமேயாகும்.