காவல் நின்ற உயிர்கள்



நிறமும் மணமும் சுவையும் இல்லாத நஞ்சினை மனிதன் எவ்வாறு கண்டறிவான்? கண்ணும் மூக்கும் நாவும் உதவாத இடத்தில் அவன் தன்னினும் சிறிய உயிர்களைத் துணைக்கு அழைத்தான். காவல் உயிர்கள் எனத்தகும் அவற்றைப் பற்றிய இரு வரலாறுகளை இன்று கூற விரும்புகின்றேன்.

1896ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் பெருவெடி நேர்ந்தது. மாண்டோரின் உடல்களை ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர், பலரைக் கொன்றது வெடியின் விசையன்று, அதன்பின் பரவிய காபனோரொட்சைட்டு வாயுவே என்று கண்டார். சிற்றெலியையோ சிறு பறவையையோ உடன்கொண்டு சென்றால், மனிதனுக்கு முன்னரே அது மயங்கி எச்சரிக்கும் என்றார். இவ்வாறே கனேரிப் பறவை சுரங்கம் புகுந்தது. மூச்சினை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் பறவையின் நுரையீரலிற் புதுக்காற்றுப் பாய்கின்றது; ஆதலின் நஞ்சும் அதன் குருதியில் விரைந்து கலக்கும். மயங்கிய பறவையைத் தெளிவிப்பதற்கு ஒட்சிசன் உருளை பொருத்திய கூடுகளும் இருந்தன. பிரித்தானியச் சுரங்கங்களில் இலத்திரனியற் கருவிகள் அப்பறவையின் இடத்தைப் பெறுவதற்கு 1986ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது.

இரண்டாவது வரலாறு யப்பானின் கியூஷுத் தீவிலுள்ள மினமாட்டாக் குடாவைச் சார்ந்தது. 1950களில் அங்குள்ள மீனவர் ஊர்களிற் பூனைகள் வலிப்புற்றுச் சுழன்றாடின. சில கடலில் வீழ்ந்து மாண்டன. காகங்களும் பறக்கவியலாது விழுந்தன. பின்னர் மனிதரும் நடை தளர்ந்து, நாக் குழறி, நினைவிழந்தனர். 1956 மே முதலாம் நாள், சிசோ தொழிற்சாலையின் வைத்தியசாலைத் தலைவர் ஹொசொகாவா இந்நோயைச் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார்.

அத்தொழிற்சாலை கழித்த நீரில் மெதைல் இரசம் என்னும் நஞ்சு இருந்தது. நீரிற் சிறிதளவாயிருந்த நஞ்சு, சிற்றுயிர்களினூடாக மீனிற் பன்மடங்காகத் திரண்டது. மீனவன் உண்ட மீனையே அவன் வீட்டுப் பூனையும் உண்டது. உடல் சிறிதாதலின் அது முந்திக்கொண்டது.

1959இல் ஹொசொகாவா அக்கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு அளித்தார். ஆய்வேட்டில் அதன் எண் 400. அப்பூனைக்கும் அதே நோய் கண்டது. எனினும் முடிவு வெளியிடப்படவில்லை. நஞ்சு கலந்த கழிவுநீர் 1968 வரை கடலிற் பாய்ந்தது. நோயாளரென அரசினால் ஏற்கப்பட்டோர் மாத்திரமே 2,200 பேருக்கு மேலாவர். 1970இல், மரணத்தை நெருங்கிய நோய்ப்படுக்கையிலிருந்தே ஹொசொகாவா இவ்வுண்மைக்குச் சாட்சியமளித்தார்.

இவ்விரு வரலாறுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? கனேரியும் எச்சரித்தது, பூனையும் எச்சரித்தது. சுரங்கத்திற் கூட்டினைக் கையிலேந்தியவன் தன் உயிருக்கு அஞ்சியவன். பறவை சாய்ந்ததும் பின்வாங்க அவனாலியன்றது. மினமாட்டாவிலோ பூனையின் துடிப்பைக் கண்டவர் ஒருவர். கழிவுநீரை நிறுத்தும் அதிகாரம் பெற்றவர் வேறொருவர்.

இன்று தேனீயையும் கடற்சிப்பியையும் கொண்டு காற்றினதும் நீரினதும் தூய்மையை அறிஞர் அளவிடுகின்றனர். அளவிடுதல் வேண்டியதே. ஆனால் காவலன் குரலெழுப்பிய பின்னர் எழுந்து கதவடைப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுக்காவிடின், அவ்வுயிர்களின் துன்பத்தினால் எவருக்கும் பயன் விளையாது.